மாடு நொண்டுவதை அளந்து பாருங்கள்



"மாடு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஐயா" என்று கால்நடை மருத்துவரிடம் நீங்கள் போய்ச் சொல்லும்போது, கோளாறு தொடங்கிப் பல நாள் ஆகியிருக்கும். அதற்கு முன்பே பால் குறைந்திருக்கும். தீனி போதவில்லை என்று எண்ணித் தவிட்டைக் கூட்டியிருப்பீர்கள்.

குதிரை நொண்டுகிறதா என்று அறிய, அதனை மெல்லோட்டமாக ஓடவிட்டுத் தலையைக் கவனிப்பார்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அக்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். கறவை மாட்டில் பார்க்க வேண்டியது முதுகை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஸ்பிரெச்சர் முதலியோர் 1997-இல் இதற்கென ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கையில் நேராக இருந்து, நடக்கையில் மட்டும் வில்போல் மேல்நோக்கி வளைந்தால் 2. இரண்டு நிலையிலும் வளைந்து, எட்டு குறுகினால் 3. ஒவ்வோர் அடியையும் தயங்கி வைத்து, ஒரு காலைக் காத்துக்கொண்டால் 4. காலை ஊன்றவே மறுத்தால் 5. மதிப்பெண் 2-க்கு மேல் போன மாடுகள் சினை பிடிக்க அதிக நாள் எடுத்துக்கொண்டதையும் அவர்கள் கண்டனர்.

நம்மில் பலர் கண்டுகொள்வது 4-உம் 5-உம்தான். நாள் முழுவதும் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டின் நடையை யார் பார்ப்பது? ஆகவே வாரம் ஒருமுறை, பால் கறந்த பின், கெட்டியான சமதரையில் இருபது முப்பது அடி தூரம் நடத்திப் பாருங்கள். கயிற்றை வேறொருவர் தளர்வாகப் பிடிக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். சேற்றிலும் மணலிலும் நடத்தினால் கணக்குத் தவறும். மதிப்பெண்ணை நாட்காட்டியில் அந்தத் தேதியிலேயே குறித்து வையுங்கள். போன வாரம் 1, இந்த வாரம் 2 என்பது உடனே தெரிந்துவிடும்.

2 வந்தால் குளம்பைக் கழுவி, இடுக்கில் கல், முள், ஆணி உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு பின்னங்காலின் வெளிக்குளம்பில் இருக்கும். கொட்டிலில் சாணமும் மூத்திரமும் தேங்கவிடாதீர்கள். ஈரத்தில் ஊறிய குளம்பு எளிதில் கெடும். 3 வந்தால் மருத்துவரை அழையுங்கள். கம்பி, ஆணி விழுங்கி வயிற்றுவலி கண்ட மாடும் முதுகை வளைக்கும். அதை அவர்தான் பிரித்தறிய முடியும்.

ஓரிரு நாளில் பல மாடுகள் சேர்ந்து நொண்டி, வாயில் எச்சில் ஒழுகினால் மதிப்பெண் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அது கோமாரியாக இருக்கலாம். அவற்றைத் தனியே கட்டி, கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். ஊர்ப் பொதுத்தொட்டியில் தண்ணீர் காட்ட ஓட்டிச் செல்லவும் வேண்டாம்.