ஓதம் சொல்லித் தந்த கணக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இதே கல்லூரியில் கணக்கு வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று, "சைனை டிஃபரென்ஷியேட் பண்ணினா கோசைன் வரும், சரி சார். அதை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்டவன் நான். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு நாள் தேவைப்படும், உட்காருப்பா" என்றார்.

அந்த நாள் 1978-ல் வந்தது. குஜராத்தில், காம்பே வளைகுடா ஓரம் ஜெட்டி கட்டும் வேலை. நான் இளநிலைப் பொறியாளர். நம் சென்னையில் ஓதத்தால் கடல்மட்டம் சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். அந்த வளைகுடாவிலோ சில இடங்களில் 10 மீட்டரையும் தாண்டும். அன்றைக்கு எங்கள் இடத்தில் 8 மீட்டர்.

வற்று மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே கட்டிய சாரத்தில் ஆறு பேர் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள். கடல் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அளவுகோலைப் பார்த்தேன். அரை மீட்டர்தான் ஏறியிருந்தது. "மணிக்கு அரை மீட்டர், மீதி ஒன்றரை மீட்டர், ஆக இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, நிதானமா முடிங்க" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளூர்க் கலாசி ஒருவர் ஓடி வந்து, ஆட்களை உடனே மேலே ஏற்றச் சொல்லி இந்தியில் கத்தினார். ஓடினேன். ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். கடைசி ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று ஏணியைப் பிடித்தார். வெல்டிங் செட் கடலோடு போயிற்று. எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

இரவு காகிதமும் பென்சிலும் எடுத்தேன். வற்றிலிருந்து அடுத்த வற்றுக்கு 12 மணி 25 நிமிடம். நடுமட்டத்துக்கு மேலே 4, கீழே 4 மீட்டர். இது கோசைன் வளைவு. 2 மீட்டர் ஏற, கோசைன் பாதியாக வேண்டும். அதாவது 60 டிகிரி. சுற்றில் ஆறில் ஒரு பங்கு. 2 மணி 4 நிமிடம்! நான் சொன்னதோ மொத்தம் நாலு மணி நேரம்.

வகைக்கெழு எடுத்தால் காரணம் புரிகிறது. வற்றின்போது ஏறும் வேகம் பூஜ்யம். நடுமட்டத்தில் வேகம் உச்சம்: மணிக்கு 2 மீட்டர். சராசரி வேகத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் மணியின் சோம்பலைப் பார்த்து நான் ஏமாந்தேன். கலாசிக்கு வகைக்கெழு தெரியாது. தண்ணீரின் குணம் தெரியும்.

உண்மையான கடல் ஒரே கோசைன் இல்லை. சந்திரனுக்கு ஒன்று, சூரியனுக்கு 12 மணி நேரத்தில் ஒன்று என்று பல சேர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். இப்படிப் பல கோசைன்களைக் கூட்டிச் சொல்ல, 1872-லேயே கெல்வின் கப்பியும் கயிறும் வைத்து ஓர் இயந்திரம் வடிவமைத்தார்.

தம்பி தங்கைகளே, "இது எதுக்கு சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்வரை பாடத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு குடும்பங்கள் இருந்தன.

சார் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், தேவைப்பட்டது.