ஓசோன் கிருமியைக் கொல்லும், காவலுக்கு நிற்காது

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு விற்பனையாளர் வந்து, "நானோ ஓசோன் மெஷின் போடுங்கள், தொட்டிக்கு இனி குளோரினே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். செயற்குழு என்னிடம் கருத்துக் கேட்டது. நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓசோன் நல்ல கிருமிநாசினிதான். பிரான்சின் நீஸ் நகரில் 1906இலேயே குடிநீரை அதைக் கொண்டு சுத்திகரித்தார்கள். ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு சும்மா இருக்காது. பாக்டீரியாவின் மேலுறையைத் தாக்கி உடைத்துவிடும். ஆனால் அதே காரணத்தால் ஓசோன் தானாகவும் சிதைந்துவிடும். தண்ணீரில் கரைந்த ஓசோன் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறையலாம். வெயில் காலத்தில் இன்னும் வேகம்.

இதற்குத்தான் ஆய்வாளர்கள் வழி தேடுகிறார்கள். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். நானோ குமிழி 200க்கும் குறைவு. அவ்வளவு சிறிய குமிழி சட்டென்று மேலே வந்து உடையாது. அதை லிப்போசோம் என்ற கொழுப்புப் பைக்குள் வைத்தால் ஓசோன் இன்னும் அதிக நாள் தாங்கும் என்பது யோசனை. முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் உள்ள லெசித்தினைத் தண்ணீரில் கலந்தால் இப்படிப்பட்ட பைகள் உருவாகும். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இவற்றை விளக்கினார். 1995இல் அமெரிக்காவில் லிப்போசோமில் அடைத்த புற்றுநோய் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஓசோனிலோ ஒரு சிக்கல் உண்டு: அது சில வகைக் கொழுப்பையே அரித்துவிடும். எனவே எந்தக் கொழுப்பில் பை செய்கிறோம் என்பது முக்கியம்.

நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். ஆனால் அது கிருமிநாசினித் திரவத்துக்கான முயற்சி. நம் மாடித் தொட்டிக்கு வரும் மெஷின் அது இல்லை. "நானோ" என்ற சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

என் கோரிக்கை மூன்று.

ஒன்று, குளோரினை நிறுத்த வேண்டாம். தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை காவலுக்கு நிற்பது அதுதான். குளோரின் போடும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மாதம் ஒருமுறை கடைசி வீட்டுக் குழாயில் சோதிப்போம்.

இரண்டு, லிப்டிலோ ஆள் இருக்கும் அறையிலோ ஓசோன் மெஷின் ஓடக்கூடாது. அது நுரையீரலைப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

மூன்று, யார் விற்க வந்தாலும், "உங்கள் ஓசோன் குழாய்க்குள் எத்தனை நிமிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.