கட்டடப் பொறியியலாளரும் அறக்கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டினுள் உறங்குபவர் அதன் கூரையின் பாரத்தைக் கணித்தவர் யார் என்று அறியார். ஒரு பாலத்தைக் கடப்பவர் அதன் இரும்பைச் சோதித்தவரைக் கண்டிரார். முகம் அறியாத ஒருவரிடம் தம் உயிரை ஒப்புவித்துவிட்டு அவர்கள் அச்சமின்றி இருக்கின்றனர். அந்த நம்பிக்கையைக் காப்பதே கட்டடத் தொழிலிற் பழகிய எம் போன்றோரின் முதற்கடன். இதற்குக் கல்வி மட்டும் போதாது. தவறு கண்டவிடத்து உரிய வேளையில் “நிறுத்துக” என்று சொல்லும் நெஞ்சுரமும் வேண்டும்.

இதற்குச் சான்றாகக் கனடாவிலே நிகழ்ந்த ஒரு பெருந்துயரத்தைக் கூறுவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கியூபெக் நகருக்கு அருகே, சென்ற் லோறன்ஸ் நதியின் மேல் மாபெரும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதன் ஆலோசகர் தியடோர் கூப்பர் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளர். பாலத்தின் நடு இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டது. ஆயினும் இரும்பின் பாரம் உரிய காலத்தில் மீண்டும் கணிக்கப்படவில்லை. பாரம் மிகுதி என்பது பின்னர் தெரிந்தபோது பாலத்தின் ஒரு பகுதி எழுந்து நின்றது. வேலையோ தொடர்ந்தது. தமது கணக்கை வேறொருவர் சரிபார்ப்பதையும் கூப்பர் விரும்பினாரல்லர். உடல்நலக் குறைவினால் அவர் நியூயோர்க்கிலேயே இருந்தார். இரும்பு வேலை நடந்த இடத்துக்குச் சென்றதில்லை.

1907 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், பாரந்தாங்கும் இரும்பு உறுப்புகள் வளைந்திருப்பதை அங்கு நின்றவர்கள் அளந்து கண்டனர். அவ்வளைவு முன்பே இருந்தது என்று சிலர் வாதிட்டனர். வேலையை நிறுத்தும் பொறுப்பை எவரும் உறுதியாக ஏற்கவில்லை. இளம் பொறியியலாளர் ஒருவர் நேரிற் சென்று கூப்பருக்கு அறிவித்தார். மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அத்தந்தி சென்றது பாலத்துக்கன்று; தொலைவிலிருந்த கம்பெனிக்கு. ஓகஸ்ற் 29 ஆம் திகதி மாலை, வேலை முடியும் தறுவாயிலே, பாலம் சில விநாடிகளில் நதியில் வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். 

1925 ஆம் ஆண்டு முதலாகக் கனடாவின் பொறியியலாளர் கடமையுறுதி கூறி, வேலை செய்யும் கையின் சிறுவிரலில் ஓர் எளிய மோதிரத்தை அணிந்து வருகின்றனர். வரைபடத்திற் கை வைக்கும்போதெல்லாம் அது காகிதத்திற் படும். பட்டத்தினும் கடமை பெரிது என்பதை அது நினைவூட்டும்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நியூயோர்க்கில் 1977 இல் 59 மாடிக் கட்டடம் ஒன்று நிறைவெய்தியது. அதன் இரும்பு இணைப்புகள் ஒட்டுவேலையாக அமையாமல் ஆணிகளால் இணைக்கப்பட்டிருந்ததையும், மூலைப்புறமாக வீசும் காற்றுக்கு அவை போதாமற் போகலாம் என்பதையும் அதன் பொறியியலாளர் வில்லியம் லெமெஷரர் மறு ஆண்டில் உணர்ந்தார். வாய்மூடியிருந்தால் அவர் பெயருக்கு அன்று பங்கம் வந்திராது. அவரோ உரியவர்களிடம் உண்மையைக் கூறினார். இரவிரவாக இரும்புத் தகடுகள் ஒட்டப்பட்டுக் கட்டடம் வலுப்படுத்தப்பட்டது. எனினும் அயலில் வாழ்ந்த மக்களுக்கு உண்மை 1995 வரை மறைக்கப்பட்டிருந்தது. முன்னதைப் போற்றும் நாம் பின்னதைப் போற்றுதல் இயலாது. எவருடைய உயிருக்கு ஆபத்தோ, அவரே முதலில் அறிய வேண்டியவர் அன்றோ?

கட்டி முடித்ததும் பொறுப்பு முடிவதில்லை. பண்டை அரசர் கட்டிய கந்தளாய்க் குளம் நம் நாட்டிலேயே உள்ளது. அதன் அணைக்கட்டு 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் உடைந்தது. உறக்கத்திலிருந்த மக்கள் மீது வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டியவர் மறைந்து போனாலும், காப்பவர் என்றும் வேண்டும்.

பெரியோர்களே! இக்கடமையில் உங்களுக்கும் பங்குண்டு. வேலை இலகுவாகட்டும் என்று கொங்கிறீற்றுக் கலவையில் தண்ணீரை மிகுத்தால் அதன் வலு குறையும். கழுவாத கடல் மணலின் உப்பு உள்ளிருக்கும் கம்பியை அரிக்கும். ஒரு மாடிக்கு இட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டாம் மாடியைக் கேட்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். செலவைக் குறைக்கச் சொல்லும்போது, எதைக் குறைக்கிறோம் என்பதையும் கேளுங்கள். “கூடாது” என்று மறுக்கும் பொறியியலாளரைக் கைவிட்டு, “ஆகட்டும்” என்பவரைத் தேடாதீர்கள்.

இளைஞர்களே! உங்களிற் பலர் நாளை இத்தொழிலை மேற்கொள்வீர்கள். உங்கள் கணக்கை மற்றொருவர் சோதிப்பதை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். வேலைத்தலத்துக்குச் சென்று கண்ணாற் பாருங்கள். மேசன் ஒருவர் “இதில் ஏதோ பிழையிருக்கிறது, ஐயா” என்றால் நின்று கேளுங்கள். பார்க்காத வேலைக்குக் கையொப்பமிடாதீர்கள். அக்கையொப்பத்தின் கீழே, நீங்கள் என்றுமே காணாத குழந்தைகள் உறங்கப் போகின்றனர்.