காதுக்குள் ஒரு வண்டு

ராத்திரி பகலாகக் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு வாங்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். பீரங்கியும் ஹெலிகாப்டரும் கப்பலின் இயந்திர அறையும் விட்டுப்போன மிச்சம்!

இதற்குப் படைவீரர் நலத்துறை போடும் பாதிப்பு மதிப்பீடு 10 சதவீதம். ஒரு காதில் இரைந்தாலும் பத்து. இரண்டிலும் இரைந்தாலும் அதே பத்து. "காது இரண்டாச்சே, தனித்தனியாகக் கொடுங்கள்" என்று ஒருவர் வழக்கே போட்டார். கீழே ஜெயித்தார். 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்.

தலைசுற்றல் கதை வேறு. உள்காதின் சமநிலை கெட்டு எப்போதாவது சுற்றினால் 10. சுற்றலோடு சில நேரம் தள்ளாடினால் 30. "சுத்துதுங்க" என்று வாயால் சொன்னால் போதாது, பரிசோதனையில் அகப்பட வேண்டும். அது சோதனை நாளில் நல்லபிள்ளையாக இருந்துவிட்டால் பாடு திண்டாட்டம்தான். சுற்றலோடு காது கேளாமையும் சேர்ந்த மெனியர் நோய் என்றால் 30, 60, 100 என்று ஏறும்.

காது கேட்கும் திறனைப் பார்க்கும்போது முதலில் காதுக்கருவியைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு ஒலிப்பதிவில் வரும் ஓரசைச் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக விழாத சொல்லை ஊகித்துச் சொல்லி, அதுவும் சரியாக அமைந்துவிட்டால் போச்சு, பாதிப்புச் சதவீதம் இறங்கிவிடும்!