வீடு விற்பனையும் தரகரின் நாவும்



நம்மில் அநேகர் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய வியாபாரம் ஒரு வீட்டை விற்பதுதான். மகளின் திருமணம், கழுத்தை நெரிக்கும் கடன், பிள்ளையின் மேற்படிப்பு என ஏதோ ஒரு நெருக்கடியில்தான் வீடு விலைக்கு வருகிறது. நெருக்கடி வேளையில் நாவைக் காப்பது எளிதன்று.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு வீட்டு விற்பனை பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஃ (ரழி) அவர்கள், ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வளவினுள் தமக்கிருந்த இரு மனைகளை அவரிடமே விற்க வந்தார்கள். ஸஃத் (ரழி) அவர்களோ 4000 திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதையும் தவணையாகவே தருவேன் என்றார்கள். வேறிடத்தில் 500 தீனார், அதாவது ஏறத்தாழ 5000 திர்ஹம், கிடைக்கவிருந்தது. எனினும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நபியவர்கள் கூறக் கேட்டிருந்ததனால், குறைந்த விலைக்கே அவருக்குக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்த 'ஷுஃப்ஆ' உரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உரியது. ஆயினும், விளம்பரம் செய்யுமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. பல வேளைகளில் தரகரின்றியே விற்பனை முடிந்துவிடுவதும் உண்டு.

தரகரை நாடுவது குற்றமா? இல்லை. இப்னு ஸீரீன், அதா, ஹஸன் (ரஹ்) போன்ற முன்னோர் தரகுக் கூலியில் தவறு காணவில்லை. ஆனால் கூலியை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். "எனக்கு இவ்வளவு தந்தால் போதும், மேலே கிடைப்பது உமக்கு" என்னும் பேச்சை இப்னு அப்பாஸ் (ரழி) அனுமதித்திருந்தாலும், கூலி எவ்வளவென்று தெரியாததால் இமாம்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாங்குபவர் தலையில் எத்தனை இலட்சம் ஏற்றப்பட்டது என்பதை விற்பவரே அறியாதிருப்பது என்ன வியாபாரம்?

இதைவிடப் பாரதூரமானது ஒன்றுண்டு. மாரி காலத்தில் முற்றத்தில் வெள்ளம் நிற்பதையும், கிணற்று நீர் உவர்ப்பதையும், எல்லை மதில் வழக்கிலிருப்பதையும், உறுதி வங்கியில் ஈடாக இருப்பதையும் தரகர் மறைப்பார். நாமோ, "நான் பொய் சொல்லவில்லையே" என்று ஆறுதல் கொள்வோம். நம் சார்பில் பேசுபவரின் பொய்யை அறிந்தும் மௌனமாய் இருந்தால் அது நம் பொய்யே. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழை நனைத்தது என்று வியாபாரி கூறியபோது, அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்றே கேட்டார்கள். இளைஞர்களே! வீட்டைப் படமெடுத்து விளம்பரம் எழுதும் வேலை இன்று உங்கள் கையில் இருக்கிறது. வெடித்த சுவருக்கு அவசர வர்ணம் பூசிப் படமெடுப்பதும், விலையை ஏற்றவென்று நண்பனைக் கொண்டு பொய்யாகக் கேட்கவைப்பதும் இந்த ஈரத்தை மூடும் செயல்களே. பின்னையதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபியவர்கள் அதைத் தடுத்துள்ளார்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை உறுதி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும். முத்திரை வரியைக் குறைக்கவென அந்த உறுதியில் பொய்த் தொகை எழுதச் சம்மதிப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. சாதாரணம் என்பதால் அது ஹலாலாகிவிடாது.

பெற்றோரின் மறைவுக்குப் பின் வரும் வீட்டில் இன்னுமொரு பொறுப்புண்டு. சகோதரர்கள் மட்டும் ஒப்பமிட்டால் அவர்களின் பங்கு மட்டுமே கைமாறும். சகோதரியின் பங்கு அவளுடையதாகவே நிற்கும். வாங்கியவரோ வழக்கில் சிக்குவார். "தங்கச்சிக்குப் பிறகு ஏதாவது கொடுப்போம்" என்று கூறி வெற்றுத் தாளில் அவளது கையொப்பம் பெறும் வீடுகளும் உள்ளன. எனவே, முதலில் எல்லா வாரிசுகளையும் ஒன்றாக அமர்த்தி, ஒவ்வொருவரின் பங்கையும் தொகையாகவே கூறி, அவர்களின் சம்மதத்தைப் பெறுங்கள். தரகரை அழைப்பது அதன் பின்னரே.