சுழலும் பொறிக்கு அறாத மின்னிணைப்பு

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைத் தாண்டி, மூதூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் ஈச்சிலம்பற்று என்னும் ஊரை அடையலாம். அதற்கு அப்பால் வெருகல். அங்கே சித்திர வேலாயுத சுவாமி கோயில். மகாவலியின் கிளையொன்று வெருகல் ஆறு என்னும் பெயரோடு அப்பக்கத்திலேதான் கடலைச் சேர்கிறது. வயலும் கடலும் கால்நடையும் அப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரமானவை.

அத்தகைய ஊர்களில் அன்றாடம் காணக்கூடிய இரு காட்சிகள் உண்டு. முளையடித்துக் கட்டிய பசு புல்லைத் தேடி முளையைச் சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு முளையிலே சுற்றிக்கொண்டு குறுகுகிறது. ஈற்றில் பசு, மேய இடமிருந்தும் மேய முடியாமல், முளையோடு முகம் வைத்து நிற்கிறது. கடலிலே தூண்டில் போடுபவரோ இத்தொல்லையை முன்னரே எண்ணிப் பார்த்தவர். பிடிபட்ட மீன் புரளும்போது கயிறு முறுக்கேறாதபடி, தானே சுழலும் சிறிய இணைப்பொன்றை இடையிலே கோத்துவிடுகிறார். மீன் எத்தனை முறை புரண்டாலும் கயிறு நேராகவே இருக்கிறது.

நிற்கும் பொருளொன்றையும் சுழலும் பொருளொன்றையும் கம்பியால் இணைத்து, அக்கம்பி வழியே மின்சாரம் செலுத்த வேண்டுமாயின் இதே சிக்கல்தான் எழுகிறது. ஆயினும் மின்சாரம் தூண்டிற் கயிற்றினும் கண்டிப்பானது. கயிற்றுக்கு இரு வளையங்கள் ஒன்றையொன்று பற்றியிருந்தாற் போதும். இடையிலே சிறிது தளர்வு இருந்தாலும் குற்றமில்லை. மின்சாரத்துக்கோ உலோகமும் உலோகமும் ஒரு கணமேனும் விலகாது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விலகிய கணத்தில் ஓட்டம் அறுகிறது, பொறி பறக்கிறது. சுழலவும் வேண்டும், தொடுகை அறவும் கூடாது என்னும் இவ்விரு கட்டளைகளுக்கும் ஒருங்கே பணியும் இணைப்பை அமைப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமைப்பாளர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய முதற் கேள்வி மிக எளியது: இந்தப் பொறி முடிவின்றிச் சுழல வேண்டுமா, அன்றி ஓரளவு திரும்பினாற் போதுமா? மேசைமேலிருக்கும் மின்விசிறி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டுகிறது. அது முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஆதலால் சற்றே தளர்வாக விட்ட வயரே அதற்குப் போதுமானது. மோட்டார் வாகனத்தின் சுக்கானும் அத்தகையதே. ஒரு பக்கம் சில சுற்றுக்களுக்கு மேல் அது திரும்புவதில்லை. முன்னாளில் ஊதுகுழலுக்கு மட்டும் சுக்கானிலே மின்னிணைப்பு வேண்டியிருந்தது. உராயும் தொடுகையே அதற்குப் போதுமாயிருந்தது. பின்னர், விபத்திலே மார்பைக் காக்கும் காற்றுப்பை சுக்கானுக்குள் வைக்கப்பட்டபோது அத்தொடுகையை நம்பியிருக்க இயலவில்லை. வாகனத்தின் வாழ்நாள் முழுவதும் சும்மா கிடந்து, ஒரேயொரு கணத்தில் தவறாது வேலை செய்ய வேண்டிய இணைப்பு அது. ஆதலின், கடிகார வில்லைப்போலச் சுருட்டிய தட்டை நாடா ஒன்றை உள்ளே வைத்தார்கள். சுக்கான் ஒரு பக்கம் திரும்பும்போது நாடா இறுகுகிறது. மறுபக்கம் திரும்பும்போது தளர்கிறது. உராய்வு இல்லை, அறாத ஒரே கம்பி.

இக்கேள்வியின் இரு விடைகளையும் ஒரே பொறியிலே காண விரும்புவோர் மன்னார்த் தீவின் காற்றாடிகளை நோக்கலாம். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் அங்கே திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி என்னும் காற்றாலைப் பூங்காவில் 30 காற்றாடிகள் உள்ளன. அவற்றின் மொத்த வலு 103.5 மெகாவாற்று. இத்தகைய காற்றாடிகளின் தலைப்பகுதி காற்று வீசும் திசைக்கேற்ப மெல்லத் திரும்புகிறது. அங்கே பிறக்கும் மின்சாரத்தைக் கீழே கொணரும் தடித்த வயர்கள் கோபுரத்தினுள்ளே தளர்வாகத் தொங்குகின்றன. தலை ஒரே பக்கமாகச் சில சுற்றுச் சுற்றிவிட்டால் வயர்கள் முறுக்கேறுகின்றன. எண்ணிக்கொண்டிருக்கும் கருவி அதனை அறிந்து, காற்றாடியை நிறுத்தித் தலையை எதிர்ப்பக்கமாகத் திருப்பி முறுக்கை அவிழ்த்துவிடுகிறது. முளையைச் சுற்றிய பசுவை உடையவன் வந்து மறுபக்கமாக நடத்துவதற்கு ஒப்பானது இது. ஆனால், அலகுகளைத் தாங்கும் முன்குடமோ இரவு பகலாக ஒரே திசையிற் சுழல்வது. அலகின் கோணத்தை மாற்றும் கட்டளை அதற்குள்ளே செல்லவேண்டும். அங்கே அவிழ்த்துவிடும் உபாயம் பலிக்காது. சுழலும் இணைப்பே வேண்டும்.

அத்தகைய இணைப்பின் வரலாறு மின்னியந்திரத்தின் வரலாற்றோடு உடன்பிறந்தது. 1821ஆம் ஆண்டு இலண்டனில் மைக்கேல் பரடே, பாதரசம் நிறைந்த கிண்ணத்திலே கம்பியின் நுனியைத் தோயவிட்டு, காந்தத்தைச் சுற்றி அக்கம்பியைச் சுழலச் செய்தார். திரவமாகிய பாதரசம் கம்பியின் போக்குக்கு வழிவிட்டது. அதேவேளை மின்சாரத்தையும் கடத்தியது. உலகின் முதல் மின்னியக்கத்திலேயே சுழலும் மின்னிணைப்பும் அடங்கியிருந்தது. பாதரசத்தாலான இணைப்புக்கள் சில தேவைகளுக்கு இன்றும் பயன்படுகின்றன. ஆயினும் பாதரசம் நஞ்சு. சிந்தினால் தீங்கு விளைப்பது. எனவே பெருவழக்காய் நிலைத்தது வேறு முறை. சுழலும் அச்சின்மீது, அச்சோடு ஒட்டாதபடி காப்பிட்டு, உலோக வளையங்களை ஏற்றுவார்கள். நிற்கும் பகுதியிலிருந்து வில்லால் அழுத்தப்பட்ட துண்டுகள் அவ்வளையங்களை உராய்ந்துகொண்டிருக்கும். வளையத்துக்கு நழுவு வளையம் என்று பெயர். உராயும் துண்டு தூரிகை எனப்படும். பட்டறைகளில் அதனைக் காபன் பிரஷ் என்பார்கள்.

உராய்வது தேயும். இவ்வுண்மையை எந்த அமைப்பாளராலும் மாற்ற இயலாது. ஆயினும், எது தேய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு. வளையம் அச்சோடு பொருந்தியது. அதனை மாற்றுவதற்குப் பொறி முழுவதையும் கழற்ற வேண்டும். தூரிகையோ விலை மலிந்தது. கையால் எடுத்து மாற்றத்தக்கது. ஆகவே வளையத்தைக் கடினமான உலோகத்தாலும் தூரிகையை மென்மையான காபனாலும் ஆக்குகிறார்கள். வில்லின் அழுத்தமும் அளவறிந்து வைக்கப்படுவது. அழுத்தம் குறைந்தால் தூரிகை துள்ளிப் பொறி பறக்கும். மிகுந்தால் வெப்பமும் தேய்வும் கூடும். பொதுவாக ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 200 கிராம் நிறைக்குச் சமமான அழுத்தமே காபன் தூரிகைக்குப் பொருத்தமென்று அனுபவம் காட்டியுள்ளது.

அடுத்த கேள்வி, இவ்விணைப்பைக் கடந்து செல்ல வேண்டியது எது என்பதாகும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் பஸ்வண்டியை எடுத்துக்கொள்ளலாம். பழைய காலத்து மோட்டார் வாகனங்களில் மின்சாரம் சுழலும் சுருளிலே பிறந்தது. பிறந்த ஓட்டம் முழுவதும் தூரிகை வழியாகவே வெளிவர வேண்டியிருந்தது. பிற்காலத்து மின்பிறப்பாக்கியில் இந்நிலை தலைகீழாக்கப்பட்டது. காந்தம் சுழல்கிறது; மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாது நிற்கிறது. பெரும்பாலான வாகனங்களில், அக்காந்தத்தை ஊட்டுவதற்கான சில அம்பியர் ஓட்டம் மட்டுமே இரு நழுவு வளையங்களைக் கடந்து செல்கிறது; விளக்குகளுக்கும் மின்கலத்துக்கும் வேண்டிய பேரோட்டம் நிற்கும் சுருளிலிருந்து நேரே வருகிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய விக்ரோறியா நீர்மின் நிலையம் 210 மெகாவாற்று வலுவுள்ளது. வெருகலுக்கு வரும் அதே மகாவலி நீர்தான் அங்கே சுழலிகளைத் திருப்புகிறது. அத்தகைய பெரும் நிலையங்களிலும் மின்சாரம் நிற்கும் சுருளிலிருந்தே எடுக்கப்படுகிறது. சிறியது இணைப்பைக் கடக்கட்டும், பெரியது அசையாத வழியே போகட்டும் என்பது இத்துறையின் பொன்விதி.

ஆனால், சிறியதிலும் சிறியது கடக்கும்போது வேறொரு சங்கடம் தோன்றுகிறது. காபன் தூரிகையும் வளையமும் சந்திக்குமிடத்தில் ஏறத்தாழ ஒரு வோல்ற்று இழக்கப்படுகிறது. அதுவும் நிலையாக இல்லாமற் கூடிக் குறைகிறது. ஆலையொன்றின் மின்னோட்டத்துக்கு இது பொருட்டன்று. ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்கு அளவேயான சைகையாயின் இவ்விரைச்சலிலே அது கரைந்துபோகும். ஆகவே நுண்ணிய சைகைகளுக்குப் பொன்பூச்சிட்ட வளையங்களையும், பொன் கலந்த மெல்லிய கம்பிகளாலான தூரிகைகளையும் அமைக்கிறார்கள். ஒரே வளையத்தில் பல கம்பிகள் தொடுமாறு வைப்பார்கள். ஒன்று துள்ளினாலும் மற்றொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

கடற்கரை ஊர்களில் காற்றே நண்பனும் பகையுமாகிறது. காபன் தானே வழுவழுப்பானது என்று பலர் கருதுவர். உண்மையில், காற்றிலுள்ள ஈரம் படிந்தால்தான் அது இலகுவாக வழுக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிக உயரத்திற் பறந்த விமானங்களில், ஈரமற்ற காற்றினால் தூரிகைகள் விரைவிலே பொடியாகிப் போயின. ஈச்சிலம்பற்றின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. எனினும் அதே காற்று உப்பையும் சுமந்து வருகிறது. உப்பு வளையத்தை அரிக்கிறது. தூரிகையிலிருந்து உதிரும் காபன் தூளோடு உப்பீரம் சேர்ந்து வளையங்களுக்கிடையே படிந்தால், மின்சாரம் செல்லத்தகாத வழியே செல்லும். எனவே வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே உயர்ந்த காப்புத் தடுப்பும், தூள் விழுவதற்கு இடமும், கடற்காற்றுப் புகாத உறையும் வேண்டும்.

இத்துணைத் தொல்லை எதற்கு, தொடாமலே அனுப்பலாகாதா எனின், சிலவற்றுக்கு அதுவும் இயலும். நிற்கும் சுருளொன்றும் சுழலும் சுருளொன்றும் மிக அருகே எதிரெதிராக இருந்தால், ஆடலோட்ட மின்சாரம் காந்தப் புலத்தின் வழியே தாவிச் செல்கிறது. ஒளியாலும் வானொலி அலையாலும் செய்தியை அனுப்பலாம். தேய்வில்லாத இம்முறைகள் சைகைகளுக்கு ஏற்றவை. பெரிய மின்வலுவுக்கு இன்றும் வளையமும் தூரிகையுமே பெரும்பாலும் கைகொடுக்கின்றன.

இச்சிறு உறுப்பு மனித உயிரோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு மருத்துவமனையே சான்று. உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் சீ.ரீ. இயந்திரம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. எக்ஸ்-கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றிவர வேண்டும். ஆனால் குழாயின் வயர் முறுக்கேறுமாதலால் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மீண்டும் நிற்க வேண்டியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் அதற்குள்ளே நழுவு வளையங்கள் பொருத்தப்பட்டன. குழாய் நில்லாது சுழன்றது. 1989 அளவில் சுருள்வழிப் படமெடுப்பு பிறந்தது. இன்று ஒரு சுற்றுக்கு அரை வினாடியும் ஆவதில்லை. விபத்திற் சிக்கியவர் ஒருமுறை மூச்சை அடக்கும் நேரத்துக்குள் மார்பு முழுவதும் படமாகிவிடுகிறது.

ராடாரும் அத்தகையதே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, அங்கிருந்த ராடார் நிலையம் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே அவற்றைக் கண்டுகொண்டது. துறைமுகம் விழித்துக்கொண்டது; போர் விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ராடாரின் தொடக்க ஆண்டுகளில் பிரித்தானிய நிலையங்கள் சிலவற்றின் அன்ரெனாவை ஆட்கள் மிதித்துத் திருப்பியதுண்டு. நில்லாது சுழலும் அன்ரெனா வந்த பின்னரே, நான்கு திசைகளையும் ஒரே வட்டப் படமாகக் காண்பது இயல்பாயிற்று.

போர்க்கால ராடாரின் வழித்தோன்றலே புயலைத் தேடும் வானிலை ராடார். 1964 டிசெம்பர் 22ஆம் நாள் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிய புயலே அன்றிரவு தனுஷ்கோடியையும் அழித்தது. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. சென்னையில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பட்டது போன்ற டொப்ளர் ராடார்கள் மழையையும் காற்றின் வேகத்தையும் ஒருங்கே அளக்கின்றன. அவற்றின் அன்ரெனா சுழன்றுகொண்டே மேலும் கீழும் சாயவேண்டும். சாய்க்கும் மோட்டாருக்குரிய மின்சாரம் சுழலும் இணைப்பொன்றின் வழியாகவே செல்ல வேண்டும். புயற்காலத்தில் அவ்விணைப்பு அறுந்தால் கரையோர மக்களின் எச்சரிக்கையிலே ஒரு கண்ணி அறுந்ததாகும்.

ஆதலால் சுழலும் இணைப்பை அமைப்பவர், அது புதிதாயிருக்கும் நாளை மட்டும் எண்ணினாற் போதாது. தூரிகை பாதி தேய்ந்த நாளையும், அதனைப் பார்வையிட வரும் தொழிலாளியின் கையையும் எண்ண வேண்டும். மூடியைத் திறந்தவுடன் தேய்ந்த நீளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதிய தூரிகை தலைநகரிலிருந்து வரும்வரை காத்திராது அருகிலேயே கிடைக்க வேண்டும். தேய்வை ஒழிக்க இயலாத இடத்தில், அத்தேய்வைச் சிறியதும் மலிந்ததும் கைக்கெட்டுவதுமான ஓர் உறுப்பின் தலையிலே சுமத்துவதே நல்ல அமைப்பு. அச்சிறு காபன் துண்டு காலத்தில் மாற்றப்படுமளவும் பெரும் பொறிகள் நில்லாது சுழலும்.