இரண்டு பாதி மகசூல்: வித்தியாசம் நிஜந்தானா?



திருவண்ணாமலை, செங்கம், போளூர் பக்கத்துக் கொல்லைகளில் மணிலா, அதாவது நம்ம மல்லாட்டை, முக்கியமான பயிர். அதற்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40, 45-ம் நாளில் ஈரம் பார்த்து இட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். "போட்டேன், ஒரு மூட்டை கூட வந்தது" என்பார் ஒருவர். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார் பக்கத்துக் கொல்லைக்காரர். யாரை நம்புவது?

மேட்டுப் பக்கம் ஒரு விளைச்சல், பள்ளத்தில் வேறு விளைச்சல். ஆகவே உங்கள் கொல்லையை அடுத்தவர் கொல்லையோடு ஒப்பிடாதீர்கள். பத்து சென்ட் அளந்து இரண்டாகப் பிரியுங்கள். காசைச் சுண்டி, தலை விழுந்தால் கிழக்குப் பாதிக்கு, பூ விழுந்தால் மேற்குப் பாதிக்கு 8 கிலோ ஜிப்சம் இடுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் கை நல்ல மண்ணுக்குத்தான் போகும். இதையே ஆறு பேர் கொல்லையில் செய்யுங்கள்.

ஆறிலும் ஜிப்சம் போட்ட பாதியே ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். ஜிப்சத்தால் பலனே இல்லையென்றால், இது ஆறு தடவை சுண்டி ஆறும் ஒரே பக்கம் விழுந்ததற்குச் சமம். 32-ல் ஒரு தடவைதான் அப்படி நடக்கும்; நூற்றுக்கு 3. நூற்றுக்கு 5-க்குக் கீழே வந்தால் நிஜ வித்தியாசமாக ஏற்பது வழக்கம். ஐந்தில் ஜெயித்து ஒன்றில் தோற்றால்? அந்த அளவு சாய்வு சும்மாவே நூற்றுக்கு 22 தடவை வரும். ஆறுக்கு அஞ்சு என்று காதுக்குப் பெரிசாகக் கேட்டாலும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு கிலோவைப் பார்க்காது. கிலோவையும் பார்ப்பது 'டி' சோதனை. டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட் 1908-ல் 'மாணவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டது. ஜிப்சம் பாதியில் கூடுதல் 3, 1, 4, 2, 3 கிலோ, ஒன்றில் மட்டும் 1 கிலோ குறைவு என்றால் சராசரி 2. இதன் திட்டப் பிழை 0.73. வகுத்தால் 2.74. ஆறு ஜோடிக்கு அட்டவணை எல்லை 2.57, தாண்டிவிட்டது! இதுவும் ஆறுக்கு அஞ்சுதான், ஆனால் தோற்ற இடத்தில் கொஞ்சமாகத் தோற்றது. எந்தச் சோதனை என்பதை எடை போடுமுன்பே முடிவு செய்துவிடணும். இரண்டையும் போட்டுப் பார்த்துப் பிடித்ததை எடுப்பது தராசில் கை வைப்பது மாதிரி.

ஐந்து ரகங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் பத்து ஒப்பீடு. ஏமாறப் பத்து வாய்ப்பு. அதற்கு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் சேர்ந்த ஃபிஷர் வகுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வு இருக்கிறது. செத்த செடி, பிழைத்த செடி என்று எண்ணினால் கை-வர்க்கச் சோதனை.

வித்தியாசம் நிஜம் என்றால் லாபம் என்று அர்த்தமில்லை. ஐந்து சென்ட்டுக்கு 2 கிலோ என்றால் ஏக்கருக்கு 40 கிலோ. ஜிப்சம் விலை, கூலி போக என்ன மிஞ்சும் என்று நீங்கள்தான் பார்க்கணும். மூன்றே கொல்லையில் பார்த்து, வித்தியாசம் தெரியவில்லை, ஜிப்சம் வீண் என்று தள்ளவும் வேண்டாம். ஒரே பாதியில் பத்து இடத்தில் எடை எடுத்தாலும் அது ஒரு கொல்லைதான்.

இரண்டு பாதிக் காயையும் ஒரே மாதிரி காயவைத்துத்தான் எடை போடுங்கள். ஈரக் காய் கனக்கும்.